நாடிக் கருவியின் திரையில் தெரிவது தோஷம் இல்லை
‘நாடிக் கருவி வாத, பித்த, கபத்தை முப்பரிமாணப் படமாகவே காட்டிவிடுகிறது, இனி ஸ்கேன் எதற்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. இந்த மூன்றையும்தான் ஆயுர்வேதம் தோஷங்கள் என்கிறது; கருவி அவற்றைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டில் வைத்தியர் மூன்று விரல் வைக்கும் இடத்தில் சென்சார் வைத்து, தமனியில் அழுத்தம் ஏறி இறங்குவதைத்தான் அது அளக்கிறது. கிடைப்பது ஓர் அலைக்கோடு, அவ்வளவுதான். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் என்பது மரபு சொல்லும் கணக்கு. அதற்கு நிறம் பூசிப் படமாக்குவது மென்பொருள். கல்லீரல் கட்டி அதில் தெரியாது.

அப்புறம், நாடி பார்ப்பது பழைய ஆயுர்வேத ஆசிரியரான ‘சரகர் காலத்து முறை’ என்று நீங்கள் சொல்வதும் தவறு. அது அவர் காலத்துக்கு மிகவும் பிந்திய சார்ங்கதர சம்ஹிதை என்ற மருத்துவ நூலில்தான் வருகிறது.

முப்பரிமாணப் படம் நிஜமாகவே கைகொடுப்பது வகுப்பறையில். பண்டைய அறுவை மருத்துவர் சுஸ்ருதர் சொன்ன 107 மர்ம இடங்களை, அதாவது அடிபட்டால் ஆபத்தான உடல் பகுதிகளை, திரையில் சுழற்றிப் பார்த்தால், எதன் அடியில் எந்தத் தமனி ஓடுகிறது என்று பளிச்சென்று புரியும்.