நீங்கள் கொடுத்த சான்றிதழை என்னிடமே கேட்டால் எப்படி?

அரசு கொடுத்த சான்றிதழை அரசிடமே கொண்டுபோய்க் காட்டச் சொல்வதை இனி யாராவது "அதுதான் நடைமுறை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறப்பைப் பதிந்தது அரசு. முகவரியைச் சரிபார்த்து அட்டை கொடுத்தது அரசு. வருமானத்துக்கு வரி பிடித்ததும் அரசு. அப்புறம் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் பிறப்புச் சான்று எங்கே, முகவரிச் சான்று எங்கே, வருமானச் சான்று எங்கே என்று கேட்பதும் அதே அரசுதான். ஒரு துறையின் கையில் இருப்பது பக்கத்துத் துறைக்குத் தெரியாதாம். நடுவில் நாம்தான் தபால்காரர் வேலை பார்க்க வேண்டும், அதுவும் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று விடுப்பு போட்டுவிட்டு.

எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே என்பார்கள். என்ன வந்தது? ஒரு துறையின் இணையதளத்தில் சான்றிதழைத் தரவிறக்குகிறோம். அதில் கியூஆர் கோடு இருக்கிறது, டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அடுத்த துறையின் போர்ட்டலோ, கையெழுத்துப் போட்ட நகலை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்கிறது. சரி என்று அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஸ்கேன் செய்து, 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றுகிறோம். சுருக்கியதில் முத்திரை மங்கிவிடுகிறது. "ஆவணம் தெளிவாக இல்லை" என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நொடியில் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும் ஆவணம் அது. அதை யாராலும் சரிபார்க்க முடியாத மங்கல் படமாக்கித்தான் வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள். இதை மின்னாளுமை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

எனக்கு இன்றுவரை ஆறாதது, அப்பா இறந்த பிறகு வந்த ஒரு கடிதம். இறப்பை முறையாகப் பதிவு செய்து சான்றிதழும் வாங்கிவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து அப்பாவின் பெயருக்கே கடிதம் வருகிறது: உயிருடன் இருப்பதற்கான சான்றை நேரில் வந்து அளிக்கவும், தவறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். உறையைப் பிரித்தது அம்மா. அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தார்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இறப்பைப் பதிந்த அலுவலகமும் அதே வளாகத்தில்தான் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்களுக்குத் தகவல் எதுவும் வரலைங்க. நீங்கதான் கொண்டுவந்து கொடுக்கணும். ஆன்லைன்ல பார்த்தேன்னு சொல்லி நான் எழுத முடியாது. பேப்பர் இல்லைன்னா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னதுதான் நோயின் மூலம். அடுத்த துறையின் பதிவை நம்பி ஒரு முடிவெடுத்து அது தவறாகிவிட்டால் அந்த ஊழியர் மாட்டிக்கொள்வார். நம்பாமல் நூறு பேரை அலையவிட்டால் அவரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை கணினி வாங்கிப்போட்டு என்ன?

இது தீர்க்கவே முடியாத சிக்கல் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். பிரிட்டனில் 2011 முதல் "டெல் அஸ் ஒன்ஸ்" என்று ஒரு சேவை இருக்கிறது. இறப்பைப் பதியும்போதே குடும்பத்தாருக்கு ஒரு குறிப்பு எண் தருகிறார்கள். அதை வைத்து ஒரு முறை தகவல் சொன்னால் போதும். ஓய்வூதியம், வரி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் போய்விடும். அங்கே வானத்திலிருந்து எந்தத் தொழில்நுட்பமும் இறங்கவில்லை. துறைகள் ஒன்றாக உட்கார்ந்து, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை அலையவிடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்குப் புதுமை என்றால் அதுதான்.

தகவலைப் பகிர்ந்தால் தனியுரிமை என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் காட்டியே எதையும் செய்யாமல் இருப்பதை ஏற்க முடியாது. எஸ்டோனியா 2001லேயே எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்கும் ஏற்பாடு அல்ல அது. அவரவர் தரவு அவரவர் துறையிலேயே இருக்கும். வேண்டும்போது ஒரு துறை இன்னொன்றிடம் கேட்கும், கேட்டது பதிவாகும். தன் விவரத்தை எந்த அலுவலகம் பார்த்தது என்று குடிமகனும் பார்த்துக்கொள்ளலாம். நம் நகல்கள் கவுண்டர் மேசைகளிலும் ஜெராக்ஸ் கடைக் குப்பையிலும் கிடக்கும் இன்றைய நிலையில் எந்தத் தனியுரிமை காப்பாற்றப்படுகிறது? எஸ்டோனியா சின்ன நாடு, அங்கே முடியும் என்று உடனே ஆரம்பிப்பார்கள். பிரிட்டனில் 6 கோடிக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்வார்கள்?

உண்மையான தடை வேறு. ஒவ்வொரு துறைக்கும் தனி நிதி, தனி டெண்டர், தனி திறப்பு விழா. செயலியை வெளியிட்டால் படம் எடுத்துப் போடலாம். இரண்டு துறைகளின் தரவுத்தளத்தில் ஒரே ஆளின் பெயர் எழுத்து மாறிக் கிடப்பதைச் சரிசெய்தால் யார் வந்து மாலை போடுவார்கள்? அதனால் செயலி மேல் செயலியாக வருகிறது, ஒன்றுக்கொன்று பேசாமல்.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று, மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான அரசு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் திறந்தபோது பட்ட பாடு உலகறிந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் வெறும் 6 பேர். பணத்துக்கோ பொறியாளர்களுக்கோ பஞ்சமில்லை. பல ஒப்பந்த நிறுவனங்கள் ஆளுக்கொரு துண்டைக் கட்டின. முழுவதற்கும் நான் பொறுப்பு என்று சொல்ல ஆளில்லாமல் போனது. ஒருங்கிணைப்பு எல்லோருடைய வேலையும் என்றால் அது யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிடுகிறது. கூட்டம் போடுவார்கள், குழு அமைப்பார்கள், குழுவுக்கு ஒரு துணைக்குழு அமைப்பார்கள். கடைசியில் "அது எங்க துறையில் வராது" என்று கையை விரிப்பார்கள்.

இனி எந்த விண்ணப்பப் படிவத்திலாவது இன்னொரு அரசுத் துறை கொடுத்த ஆவணத்தைக் கேட்டால், அதை அந்தத் துறையிடமே நேரடியாகப் பெற ஏன் முடியவில்லை என்ற காரணத்தைப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். பெற்றுத்தர வேண்டிய அதிகாரியின் பதவியும், அது எப்போது சரிசெய்யப்படும் என்ற தேதியும் அதன் கீழேயே இருக்க வேண்டும். தேதி தாண்டினால் அந்த ஆவணத்தைக் கேட்கும் உரிமை அந்த அலுவலகத்துக்குக் கிடையாது. பக்கத்துத் துறையின் பதிவை நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்ட ஊழியரைத் தணிக்கையில் நிறுத்தக் கூடாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இதற்குப் புது செயலி எதுவும் வேண்டாம். ஒரு அரசாணை போதும், அதைப் போடுங்கள்.