அவன் போனில் என் பெயர்

என் நண்பன் இறந்த அன்று மாலை, அவன் மகள் அவனுடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. 22 வயதுப் பெண். ஓர் அழுகை முடிந்து அடுத்தது இன்னும் ஆரம்பிக்காத நேரம். "மாமா, கொஞ்சம் இங்க வாங்களேன். இதுல ஒருத்தர் பேரும் பேரா இல்லை" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். "திருப்பித் தரமாட்டார்", "திருப்பித் தருவார்" என்று அடுத்தடுத்து இரண்டு பேர். "சுருக்கமா சொல்றேன்" என்று ஒருவர். அது எங்கள் பழைய மேலதிகாரி, வாயைத் திறந்தால் முக்கால் மணி நேரம். "எடுக்காதே" என்று ஒரு நம்பர். அதற்குக் கீழேயே "எடுத்துத் தொலை" என்று இன்னொன்று. ஒவ்வொன்றாக யாரென்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

"இது யாரு மாமா? 'வந்துட்டே இருக்கேன்'னு போட்டிருக்கு. கடைசியா இவர்கிட்டதான் அப்பா பேசியிருக்காரு."

எனக்குப் பிடிபடவில்லை. "போட்டுப் பாரும்மா" என்றேன். போட்டாள். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் மாட்டிக்கொண்டேன். எனக்குச் சத்தமில்லாமல் சிரிக்கத் தெரியாது.

விளக்கம் சொல்லிவிடுகிறேன். 25 வருடமாக அவன் போன் செய்து "எங்கடா இருக்கே?" என்று கேட்டால் நான் சொல்லும் பதில் அதுதான். பெரும்பாலும் வீட்டில், இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு சொல்வேன். அவனுக்கும் தெரியும். "சரி, செருப்பு போட்டாச்சா?" என்பான். அதற்கு என்னிடம் பதில் இருக்காது.

அன்று நான் சிரித்ததைப் பார்த்து ஒரு பெரியவர் முறைத்தார். தள்ளிக் கூட்டிப்போய், "இது சிரிக்கிற வீடா?" என்றும் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூன்று வாரமாக அந்தக் கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு. ஆமாம் ஐயா, அது சிரிக்கிற வீடுதான். அந்த வீட்டில் அதை முக்கால்வாசி செய்துகொண்டிருந்தவன்தான் போய்விட்டான்.

அவன் இணையப் பக்கத்தில் இப்போது 200க்கும் மேல் இரங்கல் இருக்கிறது. முக்கால்வாசியில் ஒரே வரி: ஆழ்ந்த இரங்கல், ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆன்மா இளைப்பாறட்டும். எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாதபோது கை அதைத்தான் தட்டும். நானும் எத்தனையோ பேருக்கு அதையே போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தவன்தான். ஆனால் அந்த 200ஐயும் அவன் மகள் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு என்னிடம் சொன்னது: "யாரைப் பத்தியோ எழுதின மாதிரி இருக்கு மாமா."

நம் மொழிக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. இறந்தவரைப் பாடுவதற்குக் கையறுநிலை என்று தனியாக ஒரு துறையே வைத்திருந்தவர்கள் நாம். அதியமான் செத்தபோது ஔவை அவன் வேலின் பெருமையையும் வீரத்தையும் பாடியதோடு விடவில்லை. வாசனை கமழும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்று அழுதாள். சுமார் இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்தக் கை நமக்குத் தெரிகிறது. ஈடு செய்ய முடியாத இழப்பு என்று அவளும் முடித்திருந்தால் அதியமானும் ஒரு கல்லில் பெயராகத்தான் நின்றிருப்பான்.

சரி, எங்கள் ஆளுக்கு வருகிறேன்.

அவன் சொல்லும் ஜோக்குகள் மட்டம். இதை அவன் உயிரோடு இருந்தபோதே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். முடிவு வருவதற்கு முன்னால் அவனே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். கண்ணில் தண்ணீர் வரும், கடைசி வரி யாருக்கும் கேட்காது. ஆனாலும் அறையில் எல்லோரும் சிரிப்போம். ராபர்ட் ப்ரோவைன் என்ற ஆய்வாளர், மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பொது இடங்களில் நின்று குறிப்பெடுத்தவர். சிரிப்புக்கு முன்னால் பேசப்பட்ட பேச்சில் 10 முதல் 20 சதவீதம்தான் ஜோக் என்று சொல்லும்படி இருந்ததாம். மிச்சமெல்லாம் சாதாரணப் பேச்சு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கணக்குதான். இதை ஒருநாள் அவனிடம் சொன்னேன். "அப்ப ஜோக் நல்லா இருக்கணும்னு அவசியமே இல்லையா? இத்தனை வருஷம் வீணா உழைச்சிட்டேனே" என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இனிஷியலோடு முழுசாக இருந்தது. அவன் மனைவி பெயர். கலகலப்பான ஆள் என்று பெயர் வாங்கிய பல ஆண்களைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் கூடினால் முதலில் மாட்டுவது வீட்டுக்காரிதான். இவன் ஊரையே கிண்டலடிப்பான், தன்னை அதைவிட அதிகமாக அடித்துக்கொள்வான். அவளை வைத்து ஒரு ஜோக்? ஒருநாளும் இல்லை. ஒருமுறை நாங்கள் வற்புறுத்திக் கேட்டபோது, "அவ சிரிச்சா சொல்றேன். அவளுக்குச் சிரிப்பு வராதுடா" என்று முடித்துவிட்டான்.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவன் மனைவிக்குக் கை முறிந்து ஆறு வாரம் கட்டு. காலையில் மகளுக்கு ஜடை பின்னுவது அவன் பொறுப்பு. முந்தின நாள் ராத்திரி நாற்காலிக் காலில் மூன்று கயிற்றைக் கட்டிப் பழகினான். நான் கண்ணால் பார்த்தேன். வலது ஜடை ஒழுங்காக வரும். இடது ஜடை காதுக்கு மேலே கொம்பு மாதிரி நிற்கும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் "இது புது ஃபேஷன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினான். அவளும் அப்படியே சொன்னாள். இரண்டு பிள்ளைகள் மறுநாள் அதே மாதிரி பின்னிக்கொண்டு வந்தார்களாம். நல்ல குடும்பஸ்தன் என்று யாராவது எழுதினால் எனக்கு அந்த நாற்காலிக் கால்தான் கண்ணில் வருகிறது.

அவனைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவன் கிண்டலுக்கு ஒரு கெட்ட பக்கம் இருந்தது. பேச வேண்டாத விஷயத்தை அதை வைத்து மூடிவிடுவான். போன மாதம் நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்றான். டாக்டரிடம் போ என்றேன். "உள்ளே யாரோ வாடகைக்கு வந்திருக்கான், காலி பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றான். நான் சிரித்துவிட்டேன். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்றே மனதில் பதிந்திருக்கிறது. அது இறுக்கமாக, அழுத்தமாக, சில சமயம் தாடையிலோ தோளிலோ வலியாக வந்து வந்து போகலாம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு ஜோக்குக்கு மட்டும் நான் சிரித்திருக்கக் கூடாது. இதை அவன் மனைவியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு அண்ணே. நானும் சிரிச்சேன்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வராது என்று யார் சொன்னது?

அந்தப் பெரியவர் கேள்விக்குத் திரும்புகிறேன். ஜார்ஜ் பொனானோ, டாச்சர் கெல்ட்னர் என்ற இருவர் 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களை, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி முகத்தைக் கவனித்தார்கள். பேசும்போது கண்ணும் சேர்ந்து உண்மையாகச் சிரித்தவர்களுக்குக் கோபமும் தவிப்பும் குறைவாக இருந்தன. சிரித்தால் துக்கம் தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. துக்கத்துக்கு நடுவில் சிரிப்பு வந்தால் அது மரியாதைக் குறைவில்லை. நான் சொல்ல வருவதும் அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. பெற்றோரில் ஒருவரை இழந்த 125 பிள்ளைகளை, 70 குடும்பங்களில், ஃபிலிஸ் சில்வர்மனும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். மறந்துவிட்டு முன்னே போவது என்பதை அந்தப் பிள்ளைகள் செய்யவில்லை. கனவு கண்டார்கள், இறந்தவரோடு பேசினார்கள், அவருடைய பொருள் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். வளர வளர அந்தப் பெற்றோரைத் திரும்பத் திரும்பப் புதிதாகப் புரிந்துகொண்டார்கள்.

அப்படிப் புரிந்துகொள்ளச் சரக்கு வேண்டுமே. அவன் மகளுக்கு அப்பாவைத் தெரியும். 27 வயதில், கல்யாணத்துக்கு முன்னால், வேலை போய்விடும் என்று என் அறையில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவனைத் தெரியாது. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் முகம் வைத்து அழுதவனைத் தெரியாது. அழுதுகொண்டே, "மூக்கு உன்னை மாதிரி இருக்குமோன்னு பயந்துட்டேன்" என்று சொன்னதும் தெரியாது. அது என்னிடம்தான் இருக்கிறது. நானும் போய்விட்டால் அதுவும் போச்சு.

ஆகவே அவனைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 200 வரிகளுக்குக் கீழே, உங்களுக்கும் அவனுக்கும் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். அவன் தோற்றது, உளறியது, உங்களை ஏமாற்றியது எதுவானாலும் சரி. பெருமையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரை அவன் போனில் எப்படிப் போட்டிருந்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் என்னைக் கேளுங்கள், அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சிலருக்குச் சொல்லமாட்டேன்.

நேற்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அலமாரியில் அவனுடைய பழைய போட்டோக்கள் கிடைத்ததாம்; யார் யார் என்று நான் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு அவன் நம்பரிலிருந்து அழைப்பு. இன்னும் அந்தப் போனைத்தான் வைத்திருக்கிறாள்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்மா" என்றேன், வாய்ப் பழக்கத்தில். இடுப்பில் துண்டு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "செருப்பு போட்டாச்சா?"