"அருமை" போதும், ஐயா!

மாதத்தில் ஒரு ஞாயிறு கொடைக்கானலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுகிறோம். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, ஃபிளாஸ்க்கில் டீ எல்லாம் சரியாக இருக்கும். கருத்துச் சொல்வதுதான் உருப்படியாக நடப்பதில்லை.

போன தடவை ஒரு தம்பி வாசித்தார்: 'தினமும் விடியலில் என் முற்றத்தில் நீலக்குறிஞ்சி பூக்கிறது.' உடனே "அருமைங்க", "செம", "மனசைத் தொட்டுட்டீங்க தம்பி". அட, அது 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். இந்த மலையிலேயே குடியிருந்துகொண்டு இதைக் கேட்க ஓர் ஆள் இல்லையா? தெரிந்தேதான் எழுதினார் என்றால், அந்தப் பொய் கவிதையில் என்ன வேலை செய்கிறது என்றாவது பேசலாமே! "ஏன் தம்பி, தினமும்?" என்றுதான் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்திலிருந்த அண்ணன் "விடுங்க சார், சின்னப் பையன்" என்று என் கையை அமுக்கினார்.

அடுத்தவர் கவிதையைச் சாக்காக வைத்துத் தன் கவிதையை எடுத்து விடுகிறவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் கவிதையில் கடைசி நான்கு வரிகள் வெறும் விளக்கவுரையோ என்று எனக்கே சந்தேகம். யாராவது "அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க" என்று சொல்லியிருந்தால் டீயோடு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்திருப்பேன். கிடைத்தது, "சூப்பர் சார், தொடர்ந்து எழுதுங்க."

அந்த நாலு வரி இன்னும் அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.