கோச்சி நிண்டா றைவரைத்தான் ஏசுவியளோ?

"றைவர் நித்திரையோ?" எண்டு பின்சீற் ஐயா கத்தினதோட எனக்குப் பொறுமை போட்டுது. வவுனியாவில இருந்து கிளிநொச்சிக்கு வாறம், நடுவில ஒரு ஸ்ரேசனில எதிர்க் கோச்சி வரட்டும் எண்டு அரை மணித்தியாலத்துக்கு மேல நிக்கிறம். காத்தில்லை. பக்கத்தில ஒரு அக்கான்ர மடியில கைக்குழந்தை வேர்த்து வேர்த்துக் கத்துது, அவ சோத்துப் பாசல் சுத்தின பேப்பரால விசுக்கிறா. ஒற்றைத் தண்டவாளம் ஐயா, சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போனா நாங்கள் எல்லாரும் செத்தம், அந்த மனுசன் என்ன செய்யிறது?

லண்டனில இருக்கிற மச்சானும் இதே கதைதான். அங்க நிலத்துக்குக் கீழ ஓடுற கோச்சியளில பிக்காடில்லி லைன் ஊருதாம், விக்டோரியா லைன் பறக்குதாம், அதில நல்ல றைவர்மாராம். கேக்கவே பத்திக்கொண்டு வருது! விக்டோரியா லைனில 1968இல திறந்த நாளில இருந்தே வேகத்தைப் பாக்கிறது மெசின்தான், றைவர் கதவைப் பூட்டிப்போட்டு பட்டனை அமத்துவார், அவ்வளவுதான். 21 கிலோமீற்றருக்கு 16 ஸ்ரேசன், வேற லைன் ஒண்டும் அதுக்குள்ள வந்து கலக்கிறேல்ல, ஸ்ரேசனுகளையும் மேட்டில வைச்சமாதிரிக் கட்டியிருக்கிறாங்கள், வரேக்க ஏத்தத்தில வேகம் தானாக் குறையும், வெளிக்கிடேக்க இறக்கத்தில தானாப் பிடிக்கும். பிக்காடில்லியில லெஸ்டர் ஸ்குவயருக்கும் கொவென்ற் கார்டனுக்கும் இடையில வெறும் 260 மீற்றர். எங்கட ஒழுங்கை முகப்பில இருந்து கடைக்குப் போற தூரம், அதுக்குள்ள எந்த றைவர் வேகம் எடுப்பான்? சென்ட்ரல் லைனை அந்தக் காலத்தில மேல போற றோட்டுக்குக் கீழாலயே வளைச்சுத் தோண்டினவங்கள், பாங்க் ஸ்ரேசன் வளைவில இண்டைக்கும் சில்லு கிறீச்சிட்டுக்கொண்டு மெதுவாத்தான் போகுது. பாதை விட்டாத்தானே வண்டி ஓடும்!

வன்னியில மலையோ குகையோ இல்லை, நேர் தரை, ஸ்ரேசனுகளும் தூரத் தூரம், ஓட விட்டா நல்லா ஓடும். 1990இல நிண்ட கோச்சி 2013 செப்டெம்பரிலதான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது, அண்டைக்குப் பாத்துக் கண் கலங்கின ஆள் நான். தண்டவாளமே இல்லாமக் கிடந்த நிலத்தில புதுசாப் போடேக்க ரெண்டாவதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம், இல்லாட்டி விலத்திற இடங்களையாவது கூட்டியிருக்கலாம். ஒருத்தரும் அதைக் கேக்கேல்ல, றைவரை ஏச மட்டும் எல்லாருக்கும் வாய் இருக்கு.

கடைசியா எதிர்க் கோச்சி வந்துது. எங்களைத் தாண்ட அரை நிமிசம்கூட எடுக்கேல்ல. அந்த அரை நிமிசத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் கத்தினது.