அம்மாவை அலைக்கழித்தது யார்?

அம்மாவோடும் மகனோடும் செங்கல்பட்டில் ஒரு லாட்ஜில் தங்கிக் காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் பார்த்துவிட்டு வந்தோம். சனிக்கிழமை நான் முகநூலில் போட்ட காஞ்சிபுரம் படங்களுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை முழுதாக எடுத்துப் போட எனக்கு மனம் இல்லை. மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாத அந்த ஒரு வரியை மட்டும் சொல்கிறேன். "நாலு காசு மிச்சம் பிடிக்க வயசான அம்மாவை ஊருக்கு வெளியே லாட்ஜ்ல போட்டு அலைக்கழிக்கணுமாக்கா?"

எழுதியவர் நம் ஊர்க்காரத் தம்பிதான். இருபது வருடமாகச் சென்னையில் இருக்கிறார். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் பத்துப் பேராவது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன்.

நாங்கள் சென்னையைப் பார்க்க வரவில்லை தம்பி. அதைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை. அம்மா கேட்டது காஞ்சிபுரம். என் மகன் கேட்டது மாமல்லபுரம். இரண்டு இடமும் ஆளுக்கு ஒரு நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் தங்க இடம் தேடினால் செங்கல்பட்டு வருமா, எழும்பூர் வருமா? வரைபடத்தைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். செங்கல்பட்டில் இருந்து காஞ்சிபுரம் நாற்பது கிலோமீட்டருக்குள். மாமல்லபுரம் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது. எழும்பூரில் இருந்து காஞ்சிபுரம் எழுபதுக்கு மேல், மாமல்லபுரம் ஐம்பதுக்கு மேல். அதுவும் ஊரைத் தாண்டவே ஒரு மணி நேரம் போய்விடும்.

எங்கே போகப் போகிறோமோ அந்தப் பக்கம் தங்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான். சென்னை என்ற பெயருக்காக எழும்பூரில் படுத்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் சென்னையை விட்டு அந்த ஊர்களுக்குப் போக இரண்டு மணி நேரம், இருட்டியதும் திரும்பி வர இரண்டு மணி நேரம் என்று போராடுவதற்குப் பெயர்தான் அலைக்கழிப்பு.

இது புத்தகம் படித்துச் சொல்வதல்ல. அந்த அலைச்சலை நாங்கள் பட்டிருக்கிறோம். 2017-இல், அப்பா இருந்தபோது.

அப்பாவுக்குக் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்மேல் அப்படி ஒரு ஆசை. கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான சந்து உண்டு, படுத்து ஊர்ந்து உள்ளே போய் இன்னொரு பக்கம் வெளியே வர வேண்டும், அப்படி வந்தவனுக்கு மறுபிறவி இல்லை என்பார்கள் என்று எங்களுக்குச் சின்ன வயதில் இருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். பார்த்தது இல்லை, கேள்விப்பட்டதுதான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வழியாகக் கிளம்பினோம். அப்போது எல்லோரும் சொன்ன யோசனை நீங்கள் இப்போது சொல்லும் அதே யோசனைதான். "எழும்பூர்லயே ரூம் போடுங்க, எல்லாத்துக்கும் வசதி."

ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு லாட்ஜ். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி. இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெந்நீர் ஆறரைக்குத்தான் வந்தது. ஐந்து பேர் குளித்துக் கிளம்ப எட்டரை. கோயம்பேடு போய்ச் சேர ஒன்பதேகால். பஸ் ஏறி, பூந்தமல்லி நெரிசலில் நின்று நின்று காஞ்சிபுரம் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால்.

கோயில் ஊருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த நேரத்தின் அர்த்தம் புரியும். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கெல்லாம் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். காமாட்சியம்மனை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கைலாசநாதருக்குப் போனால் கதவு பூட்டிக் கிடந்தது. அன்று இரவு ஏழரைக்கு எழும்பூரில் ரயில். நாலு மணி வரை இருந்து பார்த்துவிட்டுப் போனால் ரயில் கிடைக்காது. அப்பா வெளியே இருந்த நந்தியின் பக்கத்தில், புல்வெளியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "கோபுரம் தெரியுதுல்ல, அது போதும்மா" என்றார். திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

2020-இல் அப்பா போய்விட்டார்.

காசு மிச்சம் பிடிக்கச் செங்கல்பட்டில் தங்கினேன் என்கிறீர்கள். காசு மிச்சமானது, இல்லை என்று சொல்லவில்லை. எழும்பூரில் மூன்று கட்டில் அறைக்கு 2,400 கேட்டார்கள், செங்கல்பட்டில் 1,300. இரண்டு இரவுக்கு 2,200 ரூபாய் மிச்சம். அது என் அம்மாவின் ஒரு மாத மாத்திரைச் செலவு. அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது, 2022 ஜூலையில் அதற்கும் போட்டுவிட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு நூறையும் எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும்.

ஆனால் நான் அங்கே தங்கியது காசுக்காக அல்ல, காலை நேரத்துக்காக. இந்த முறை ஆறு மணி பஸ்ஸில் ஏறினோம். வாலாஜாபாத் தாண்டும்போது வயலில் பனி கிடந்தது. ஏழேகாலுக்குக் காஞ்சிபுரம், இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கைலாசநாதர் கோயில். எங்களைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். கிழக்கே இருந்து வெயில் சாய்வாக விழுந்து, அந்தப் பல்லவர் காலத்து மணற்கல் முழுக்கத் தேன் நிறத்தில் இருந்தது. சுற்று மதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள். ஒன்றுக்குள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் பழைய சிவப்பு வண்ணம் உள்ளங்கை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு, முந்நூறு வருடம். அம்மா அதைத் தொடவில்லை, பக்கத்தில் இருந்த கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றாள். "குளிர்ச்சியா இருக்கு" என்றாள். அந்தச் சந்துக்குள் என் மகன் ஊர்ந்து போனான். வெளியே வந்தபோது முழங்கை எல்லாம் தூசி. அம்மா அதைத் தட்டிவிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் மூன்றையும் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட்டோம். இரண்டரைக்கு அறைக்கு வந்து அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கினாள். கீழ்த்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட். இரண்டையும் முன்கூட்டியே போனில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அறை எடுத்தேன். இதுவா தம்பி அலைக்கழிப்பு?

"ஊருக்கு வெளியே" என்ற வார்த்தைக்கும் பதில் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு என்ன காடா? 2019-இல் இருந்து அது தனி மாவட்டத்தின் தலைநகரம். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர். நாங்கள் தங்கிய லாட்ஜில் பாதி அறைகளில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான் இருந்தார்கள். கூஜாவும் தூக்குவாளியுமாக ராத்திரி பத்து மணிக்கும் பெண்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சகோதரி உள்பெட்டியில் வந்து, "பொம்பளைங்க அங்கெல்லாம் தங்கலாமா? பாதுகாப்பா?" என்று கேட்டிருந்தார். அக்கறையோடு கேட்டவர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாநகரத்துக்குள் இருந்தால் பாதுகாப்பு, வெளியே போனால் ஆபத்து என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? 2017-இல் அந்த எழும்பூர் லாட்ஜில் எங்கள் அறைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ராத்திரி முழுக்க நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அப்பா அதில் உட்கார்ந்தே இருந்தார். பாதுகாப்பு என்பது கதவில் இருக்கிறது, வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இருக்கிறது, வாசலில் விளக்கு எரிகிறதா என்பதில் இருக்கிறது. பின்கோடு நம்பரில் இல்லை.

வெளியே தங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவே இல்லை. என் மதினி போன வருடம் ஆப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, மறைமலை நகர்ப் பக்கம் ஜிஎஸ்டி ரோடு என்கிற திருச்சி நெடுஞ்சாலை ஓரம் ஒரு அறை எடுத்தாள். அறை பளபளப்பாகத்தான் இருந்தது. ஸ்டேஷனுக்கு மூன்று கிலோமீட்டர், ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கு நூற்றைம்பது. சாப்பிட ரோட்டைக் கடக்க வேண்டும், அந்த ரோட்டைக் குழந்தையோடு கடக்க முடியாது. அறையில் மிச்சமானது ஆட்டோவில் போய்விட்டது. வெளியே தங்குவதாக இருந்தால் ஸ்டேஷனுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ நடந்து போகிற தூரத்தில் தங்க வேண்டும். அப்புறம், 24 மணி நேரக் கணக்கில் அறை தருகிறார்களா என்று கேட்க வேண்டும். தெற்கே இருந்து வரும் இரவு ரயில்கள் பலவும் விடிகாலையில் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் நின்றுதான் எழும்பூர் போகின்றன. ஆறு மணிக்கு இறங்குகிறவனைப் பன்னிரண்டு மணிக்கு வா என்றால் அன்றைய பொழுது போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் குறைவு என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான்.

மெரினா, தி.நகர் எல்லாம் எப்போது பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு: அதுதான் உங்கள் திட்டம் என்றால் மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ தங்குங்கள், நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போகிறவர்கள் சென்ட்ரல் பக்கம், பெரியமேட்டில் தங்குவதுதான் நல்லது. பழவேற்காடு போகிறவர்களும் வடக்கே தங்க வேண்டியவர்கள்தான். வண்டலூர் பூங்காவுக்குத் தாம்பரம் போதும். வேடந்தாங்கலுக்கு மறுபடியும் செங்கல்பட்டு. போகிற திசையைப் பார்த்துத் தங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான். இதைச் சொன்னதற்கா கஞ்சப் பட்டம்?

இன்னொன்று. 2023 டிசம்பர் கடைசியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்களை அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து சென்ட்ரல் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த வயசானவர்கள், மூட்டை முடிச்சோடு இன்னொரு பஸ் பிடித்து ஊருக்குள் போய் அறை எடுத்து, மறுநாள் மறுபடியும் ஊரைத் தாண்டித் தெற்கே மாமல்லபுரம் போக வேண்டுமா? எங்கள் ஊரில் போன மாதம்கூட ஒரு குடும்பம் அப்படித்தான் போய்வந்தது. கேட்டால் "சென்னைக்குப் போயிட்டுச் சென்னைல தங்கலன்னா நாலு பேரு என்ன சொல்வாங்க" என்கிறார்கள்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

எனக்கு உண்மையில் எது வலிக்கிறது என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது. காரில் வந்து, பெரிய ஓட்டலில் தங்கி, மாமல்லபுரத்தில் ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, யானைக் குட்டிகளையும் தவம் செய்யும் பூனையையும் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்த என் அம்மாவின் படத்தைப் பார்த்து லாட்ஜ் எது என்று கேட்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போனால், லாட்ஜில் தங்கினால், கட்டுச்சோறு கொண்டுபோனால், அம்மாமேல் பாசம் குறைவு என்று அர்த்தமா? எங்களால் முடிந்ததை வைத்து, அம்மாவின் முழங்காலை மனதில் வைத்து, நடை சாத்தும் நேரத்தை மனதில் வைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட திட்டம் அது. ஒரு வரியில் தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

பேச்சுக்கு எழுதினேன் அக்கா, பெரிதாக எடுக்காதீர்கள் என்று நேற்று உள்பெட்டியில் வந்து சொன்னீர்கள் தம்பி. எல்லோரும் பார்க்க எழுதியதற்கு உள்பெட்டியில் வருத்தம் தெரிவித்தால் அந்த நாற்பத்தொரு பேருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு முகநூல் கிடையாது. மகன்தான் விவரம் புரியாமல் அந்த வரியை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டான். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னய யாரு அலைக்கழிச்சா? நான்தான போகணும்னு கேட்டேன். உங்கப்பா பாக்காததப் பாத்துட்டு வந்தேன். அந்தத் தம்பிகிட்ட சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். அடுத்தது திருக்கழுக்குன்றம் கேட்கிறாள். மலைக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல், அவளால் ஏற முடியாது. கீழே தாழக்கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறாள். அதே செங்கல்பட்டு லாட்ஜுக்குப் போன் போட்டேன், கீழ்த்தள அறை இருக்கிறது என்றார்கள்.