வெறுங்கால் பையனையே எத்தனை நாள் காட்டுவீர்கள்?

உலகம் சுற்றி, "கால்பந்து இந்த மக்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறது" என்று படமெடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் முக்கால்வாசிப் படங்களில் ஒரே சரக்குதான்: சாயங்கால வெயில், செம்மண் புழுதி, வெறுங்காலில் ஓடும் பையன், ஸ்லோமோஷன், பின்னணியில் பியானோ. அது நைரோபியா, ரியோவா, ஃப்ரீடவுனா என்பது திரையில் எழுத்து வந்தால்தான் தெரியும். அந்தப் பையனுக்கு அடுத்த மேட்ச் எப்போது, அதை யார் நடத்துகிறார்கள், பந்துக்கு யார் காற்றடிக்கிறார்கள், ரெஃபரிக்கு பஸ் காசு எங்கிருந்து வருகிறது? ஒன்றுக்கும் பதில் இருக்காது.

பந்து தானாக யாருக்கும் நம்பிக்கை கொடுத்துவிடாது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேட்ச் என்றால் ஒன்பது மணிக்கு நடக்கிறது, அடுத்த வாரமும் நடக்கிறது. எதுவுமே சொன்னபடி நடக்காத இடத்தில் அதுதான் பெரிய விஷயம். கேமரா போக வேண்டியது அங்கேதான் என்பது என் கட்சி.

நைரோபியின் குடிசைப் பகுதியான மத்தாரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் தொடங்கிவைத்த மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் அங்கே இருக்கிறது. அதன் லீகில் கோல் அடித்தால் மட்டும் புள்ளி ஏறுவதில்லை. அணியாகச் சேர்ந்து போய்க் குப்பை அள்ளினால், சாக்கடை அடைப்பை எடுத்தால், அதற்கும் பட்டியலில் புள்ளி உண்டு. மைதானத்தில் நன்றாக நடந்துகொள்கிறவருக்குப் பச்சை அட்டை உண்டு. சங்க வேலை செய்து சேர்த்த புள்ளிகளைப் பார்த்துப் படிப்புக்கு உதவி கிடைக்கும்; காசு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். 1992இல் பெண்பிள்ளைகளும் ஆடத் தொடங்கினார்கள். இதே அமைப்பிலிருந்து முளைத்த மத்தாரே யுனைடெட் கிளப் 2008இல் கென்யாவின் பிரீமியர் லீகையே வென்றது.

இப்படி ஓர் ஏற்பாடு கண்ணெதிரே இருக்க, மேட்சை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதில் என்ன இருக்கிறது? சாக்கடை வேலையை எடுங்கள். மேட்ச் எடுப்பதைவிட அது கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்துகள் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவுதான் இருக்கும். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் அங்கே சுமை. அகலமாகப் பார்க்கும் 24 அல்லது 28 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். டிரைபாட் விரிக்க இடம் கிடைக்காது. தகரக் கூரைகளுக்கு நடுவே பாதி வெயில், பாதி நிழல். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, ஆட்டோவில் விட்டால் ஆள் நகர நகரப் படம் வெளுத்தும் இருண்டும் மூச்சு வாங்கும். மேனுவலில் வைத்து முகத்துக்கு அளவு பாருங்கள். கறுத்த தோலுக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் வானம் வெளுத்துப் போகட்டும், முகம் இருண்டுவிடக் கூடாது.

வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அப்படியே எடுக்க வேண்டும். ரேக்கால் கறுப்புச் சேற்றை இழுத்துக் கரையில் போடுவார்கள், அது சற்றுக் காய வேண்டும், பிறகு தள்ளுவண்டியில் ஏற்றி லாரி நிற்கிற இடம்வரை தள்ள வேண்டும். லாரி வராவிட்டால், அடுத்த மழையில் கரையில் கிடக்கும் சேறு மறுபடி சாக்கடைக்குள்தான் போகும். அந்த நேரத்தில் கேமராவை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்தான் அதிகம். லாரிக்காரருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கும் கேப்டன்தான் படத்தின் நடுநாயகம். அன்றைக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று பேசி முடிவெடுப்பதையும், லீக் பட்டியலில் யாரோ அந்த எண்ணைப் பதிவதையும் கிட்டத்தில் எடுத்தால் மொத்த அமைப்பும் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும், பின்னணிக் குரலே வேண்டாம்.

பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டிய பந்துதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கென்யா 2017 ஆகஸ்டிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது, ஐயா. காசு கொடுத்து ஒன்று செய்யச் சொல்லி எடுத்தால் அதற்கு ஆவணப்படம் என்று பெயர் வைக்காதீர்கள்.

அடுத்து கொலம்பியா. 1994 உலகக் கோப்பையில் சொந்த வலைக்குள் பந்தைப் போட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பியதும் மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மெடலினில் அதன் பிறகு உருவான தெருக் கால்பந்து முறைதான் இன்று பல நாடுகளில் 'ஃபுட்பால் த்ரீ' என்று ஆடப்படுகிறது. ஆட்டத்துக்கு மூன்று பாதி. முதல் பாதியில் இரண்டு அணியும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய விதிகளைப் பேசி முடிவு செய்யும். மெடலினில் வைத்த பழைய விதி ஒன்று: முதல் கோலைப் பெண்பிள்ளைதான் அடிக்க வேண்டும். இரண்டாம் பாதி ஆட்டம், ரெஃபரி கிடையாது. மூன்றாம் பாதியில் மறுபடி உட்கார்ந்து, எதிரணி எவ்வளவு நியாயமாக ஆடியது என்று பேசிப் புள்ளி கொடுப்பார்கள். ஜெயித்தால் மூன்று, டிராவுக்கு இரண்டு, தோற்றால் ஒன்று, நியாயத்துக்கு மூன்றுவரை என்பது பரவலாக இருக்கும் கணக்கு. ஆக, ஜெயித்த அணிக்கு நியாயப் புள்ளி பூஜ்யம், தோற்ற அணிக்கு மூன்று என்றால் தோற்றவர்கள் 4–3 என்று முந்திவிடுவார்கள்!

படக்குழு பெரும்பாலும் நடுப்பாதியை எடுத்துவிட்டு மூன்றாம் பாதியில் பேட்டரி சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும். சண்டை, சமாதானம், ரோஷம் எல்லாம் நடப்பது அங்கே. வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பேசும்போது நீளக் கோலில் மாட்டிய ஒரே பூம் மைக்கை ஆள்மாற்றி ஆள் நீட்டினால் எப்போதும் ஒரு வார்த்தை பிந்தித்தான் போய்ச் சேரும். வட்டத்தின் நடுவில் தரையில் ஒரு ரெக்கார்டரை வையுங்கள், 32-பிட் ஃப்ளோட் வகை என்றால் யாராவது கத்தினாலும் ஒலி உடையாது. பூம் கூடுதல் காப்புக்கு. கேமரா வட்டத்துக்கு வெளியே, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில். மொழிபெயர்ப்பாளரைச் சுருக்கிச் சொல்ல விடாதீர்கள். "அவன் வருத்தமாக இருக்கிறான் என்கிறான்" என்று அவர் சொன்ன இடத்தில் அந்தப் பையன் நாலு வாக்கியம் பேசியிருப்பான். எடிட்டிங் மேசையில் அந்த நாலும் வேண்டும்.

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் விஷயம் வேறு மாதிரி. 1991 முதல் 2002வரை நடந்த சியரா லியோன் போரில் கை கால் வெட்டப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கான மர்ரே டவுன் முகாமிலிருந்து 2001இல் ஒற்றைக்கால் வீரர்களின் சங்கம் உருவானது. விதிகள் தெரியாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அணிக்கு ஏழு பேர். களத்தில் ஆடுகிறவருக்கு ஒரு கால், கோல்கீப்பருக்கு ஒரு கை. ஊன்றுகோலால் வேண்டுமென்றே பந்தைத் தொட்டால் அது ஹேண்ட்பால். ஆஃப்சைடு கிடையாது. பாதிக்கு 25 நிமிடம்.

இவர்களை எடுக்கும்போது செய்யக் கூடாத முதல் வேலை, துண்டான காலுக்கு ஜூம் போவது. உதைக்கும் நொடியைப் பாருங்கள்: இரண்டு ஊன்றுகோலும் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதும் அந்தரத்தில் முன்னால் வீசி, அந்த ஒரே கால் பந்தை அடிக்கிறது. மைதான ஓரத்தில் முழங்கால் உயரத்தில், சற்றுத் தள்ளி 100 மில்லிமீட்டர் லென்ஸோடு கேமராவை வைத்தால் ஊன்றுகோல் முனை, கால், பந்து மூன்றும் ஒரே ஃப்ரேமில் நிற்கும். ஷட்டர் 1/500க்குக் கீழே போனால் முனை தெளிவாக விழாது. கடற்கரை மணலில் பயிற்சி நடக்கும்போது ஊன்றுகோல் புதையும், சத்தமே வராது. கெட்டித் தரையில் கடகடவென்று கேட்கும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊன்றுகோலின் ரப்பர் முனை தேய்ந்தால் சிமென்ட்டில் வழுக்கும். ஜெர்சி வாங்கித் தர ஆள் வந்துவிடும், ரப்பர் முனை வாங்கித் தர லேசில் வராது. படத்தில் அதைக் காட்டினால் உபயோகமாவது உண்டு.

நம்பிக்கையை ஊதிப் பெருக்குவதிலும் எனக்குச் சண்டை உண்டு. 2005 அக்டோபர் 8 அன்று சூடானின் ஓம்துர்மானில் 3–1 என்று ஜெயித்து, முதல்முறை உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற ஐவரி கோஸ்ட் அணி, உடை மாற்றும் அறையில் டிவி கேமரா முன் மண்டியிட்டு, உள்நாட்டுப் போரில் இருந்த தன் நாட்டைப் பார்த்து "ஆயுதத்தைக் கீழே வையுங்கள்" என்று கேட்டது. பேசியவர் அணியின் நட்சத்திர வீரர் திதியே ட்ரோக்பா. 2007 மார்ச்சில் சமாதான ஒப்பந்தம். ஜூன் 3 அன்று கிளர்ச்சியாளர்களின் கோட்டையான புவாக்கேயில் மடகாஸ்கரை 5–0 என்று ஜெயித்தார்கள். "கால்பந்து போரை நிறுத்தியது" என்று இங்கேயே படத்தை முடித்துவிடுகிறார்கள். 2010 தேர்தலுக்குப் பிறகு அதே நாட்டில் மறுபடி சண்டை மூண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதைச் சொல்வதால் அந்த மண்டியிட்ட காட்சியின் மதிப்பு குறையாது. சொல்லாமல் விட்டால் படம் விளம்பரமாகிவிடும்.

இனி சாமான்கள். இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்கள் வர்த்தக சபையான ஃபிக்கியிடம் ஏடிஏ கார்னே (சாமான்களை வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப உதவும் பத்திரம்) வாங்கலாம், ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோன ஒன்று வெளியே வரும்போது இல்லையென்றால் வரி கட்ட வேண்டியதுதான். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளில் கார்னே செல்லாது. அங்கே உள்ளூர் ஏஜென்ட் மூலம் தற்காலிக இறக்குமதிப் பத்திரமும் படப்பிடிப்பு அனுமதியும் வாங்குவதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே உட்கார வேண்டும். டிரோன் வேறு ஒரு தலைவலி: மொராக்கோவில் அனுமதியில்லாமல் கொண்டு இறங்கினால் சுங்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பையில் போகக் கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் கைப்பையில் போகலாம். 100 முதல் 160 என்றால் விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு இரண்டுதான்.

இரவு மேட்சில் எல்லோரும் மாட்டிக்கொள்வது விளக்கு மினுக்கத்தில்; மின்சாரத்தின் துடிப்புக்கு ஷட்டர் பொருந்தாவிட்டால் படத்தில் விளக்கு மினுக்கும். கென்யாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கொலம்பியாவில் 60. நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கிறீர்கள் என்றால் கென்யாவில் ஷட்டர் 1/50, கொலம்பியாவில் ஃப்ரேமை மாற்றாமல் ஷட்டரை மட்டும் 1/60 ஆக்குங்கள். ஸ்லோமோஷனுக்குக் கென்யாவில் 100 ஃப்ரேம், 1/100. அங்கே 120 போட்டால் விளக்கு துடிப்பது அப்படியே பதிவாகும். மட்டமான எல்இடி என்றால் இந்தக் கணக்கும் பலிக்காது, முதல் நாளே ஒரு நிமிடம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பகலில் பிரச்சினை நேரெதிர். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப்/4 என்று வைத்தால் உச்சி வெயிலில் எட்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்க வழக்கமாகக் கொண்டுபோகும் 2–5 ஸ்டாப் வேரியபிள் என்டி ஃபில்டர் பத்தாது. நைரோபி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். நண்பகலில் கண்குழியில் நிழல் விழும், சாயங்காலப் பொன்வெயிலும் அரை மணிக்குள் தீர்ந்துவிடும். நேர்காணலைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் திண்ணை நிழலில் எடுங்கள்.

4கே, நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. தினம் நாலு மணி நேரம், இருபது நாள்: 3.6 டிபி. மூன்று பிரதி வைத்தால் 11 டிபி தேவை. மூன்றும் ஒரே பையில் இருந்தால் பிரதி எடுத்ததில் அர்த்தமில்லை.

சம்மதம் வாங்குவதில் குறுக்கு வழி கிடையாது. கோச் கையெழுத்து பெற்றோர் கையெழுத்து ஆகாது. பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும், அவர்கள் மொழியில், கேமராவில் பதிவாகிற மாதிரி. பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று உள்ளூர் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அகதி முகாம் என்றால் தெரு, பிளாக் எண், முழுப்பெயர் எதுவும் ஃப்ரேமில் கூடாது. இது அளவுக்கு மீறிய ஜாக்கிரதை என்று நினைப்பவர்கள் 2021 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கட்டும். தாலிபான் காபூலுக்குள் நுழைந்தபோது, ஆப்கன் பெண்கள் அணியின் முன்னாள் கேப்டன் காலிதா போபல், படங்களை அழித்துவிடுங்கள், ஜெர்சியை எரித்துவிடுங்கள் என்று வீராங்கனைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்த சம்மதம்தான் அது. ஆட்சி மாறியதும் அதுவே ஆபத்தாகிவிட்டது.

முதல் நாளே பந்து மூட்டையை அவிழ்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். பிறகு எடுக்கும் ஒவ்வொரு சிரிப்பும் பந்துக்காகவா என்று உங்களுக்கே தெரியாது. கொடுப்பதென்றால் கடைசி நாள், சங்கத்தின் கையில், கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் 4ஆம் அளவு, மேலே 5. கூடவே ஒரு பம்பும் பத்துப் பன்னிரண்டு ஊசியும். பந்து கிழிந்து வீணாவதைவிட, ஊசி உடைந்து காற்றில்லாமல் மூலையில் கிடப்பது அதிகம். ஊசியை நனைத்துச் செருக வேண்டும், உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

எடுத்த ஊரிலேயே படத்தைக் காட்டாமல் விழாக்களுக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. 3000 லூமன் புரொஜெக்டர், 1 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர், மூன்று மீட்டர் வெள்ளைத் துணி, இரண்டு ஸ்பீக்கர் போதும். ஜெனரேட்டரை சுவருக்குப் பின்னால் முப்பது மீட்டர் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் வசனம் கேட்காது. துணியை மேலும் கீழும் கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் படம் ஆடும். இருட்டிய பிறகு பெண்பிள்ளைகளை வீட்டிலிருந்து அனுப்ப மாட்டார்கள் என்றால், ஜன்னலை அடைத்த பள்ளி அறையில் பகலில் இன்னொரு காட்சி வையுங்கள். அவரவர் வரும் பகுதியைத் தனியாக வெட்டி, போனில் பகிர்கிற அளவுக்குச் சுருக்கி, மெமரி கார்டில் சங்கத்திடம் கொடுத்துவிடுங்கள். டவுன்லோடு லிங்க் அனுப்பினால் டேட்டாவுக்கு அவர்கள்தான் காசு கட்ட வேண்டியிருக்கும்.