பாய்மரம் ஏற்றும் வைபவம்

ஏப்ரல் வந்தால் போதும், இங்கிலாந்தின் தென்கரையில் சின்னப் பாய்ப்படகு வைத்திருப்பவனுக்குச் சனி பிடித்துவிடும். குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்ததற்கு அடிப்பக்கம் பாசி பிடிக்காத பெயின்ட் அடிச்சாச்சு, சரி. பாய்மரத்தை நிமிர்த்தி, தாங்கும் கம்பிகளை முறுக்கி இறுக்கி மூச்சு விட்டால், பாய் ஏற்றுகிற கயிறு சரக்கென்று மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு இளிக்கிறது! திரும்ப மரத்தை இறக்கு. அதற்குள் தண்ணீர் வற்றிவிடும். போர்ட்ஸ்மவுத் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கிட்டத்தட்ட 4 மீட்டர் இறங்கும். படகு இறக்கும் சரிவுக்குக் கீழே வெறும் சேறு. ஒரு கடலேற்றத்தைத் தவறவிட்டால் அதிலிருந்து அடுத்தது 12 மணி நேரத்துக்கு மேல், அதுவும் நடுராத்திரியில் வரும். படகைக் கட்டிவைக்கும் மிதவையின் சங்கிலி அரித்திருக்கிறதா என்று முங்கிப் பார்க்கிறவருக்குத் தனிக்கூலி. இத்தனையும் எதுக்கு? நாலு மாசக் கோடைக்கு. அதிலும் பாதி மழை.